நாலாவது இடத்து நூடுல்ஸ் கடை

பட்டரவாக்கம் ஸ்டேஷனில் ரயில் நின்றதும் நாங்கள் எல்லாரும் வெளியே போகும் வழியைப் பார்த்து ஓடுவோம். அந்த அக்கா மட்டும் ஒருநாள் எதிர்ப்பக்கமாக, ரயிலின் முன்பெட்டியை நோக்கி வேகமாக நடந்தார். நான் அப்போது ஆவடிக்குக் குடிவந்த புதிது. விருதுநகரிலிருந்து வந்து, அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு ஐ.டி. கம்பெனியில் சேர்ந்திருந்தேன். என்னவோ தகராறு என்று நினைத்து நின்று வேடிக்கை பார்த்தேன். டிரைவரும் அப்படித்தான் நினைத்திருப்பார் போல. தயங்கித் தயங்கித்தான் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"சார், இன்னிக்கு பிரேக்கு சூப்பரா போட்டீங்க. அவ்ளோ கூட்டத்துல ஒருத்திகூட எம்மேல வந்து சாயல. நேத்து வந்தவரு எல்லாரையும் உருட்டி வுட்டுட்டாரு."

டிரைவர் அக்காவை ஏற இறங்கப் பார்த்தார். "சரிம்மா" என்றார். பிறகு சிரித்தார். ரயில் என்னைத் தாண்டிப் போனபோதும் அந்த முகத்தில் சிரிப்பு இருந்தது.

அக்காவின் குணமே அதுதான். நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறது என்று சொல்லியாக வேண்டும். நன்றாக இல்லையென்றால் அதையும் சொல்லியாக வேண்டும். ஆவடி ஸ்டேஷன் வாசலில் வடை போடுகிறவரிடம், "நேத்து வடை வேற, இன்னிக்கு வடை வேற. பருப்ப ஊறவெக்காம அரைச்சிட்டியா நைனா?" என்பார். தடுப்பூசி போட்ட நர்ஸிடம், "ஊசி போட்டதே தெர்ல, உன் கைய கண்ணுல ஒத்திக்கணும்" என்று சொல்லி அவளைத் திக்குமுக்காட வைத்திருக்கிறார். கேட்டால்தான் சொல்வார் என்பதில்லை. கேட்காதவர்களுக்குத்தான் பெரும்பாலும் சொன்னார்.

எல்லாருக்கும் அது பிடிக்கவில்லை. எங்கள் பெண்கள் பெட்டியில் ரேவதி என்று ஒருத்தி வருவாள். துணி தைக்கும் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். அவள் மகள் பள்ளி விழாவில் பாடியதை ஒருநாள் போனில் போட்டுக் காட்டினாள். நாங்கள் எல்லாரும் "அய்யோ, எவ்வளவு அழகா பாடுது!" என்றோம். அக்கா முழுதும் கேட்டுவிட்டு, "கொரலு தேன் மாதிரி கீது. சுதி மட்டும் சேரல. யாருகிட்டயாச்சும் இட்டுகினு போய் சேத்து வுடு" என்றார். ரேவதி போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு அம்பத்தூர் வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தாள். அக்காவுக்குத் தான் ஏதும் தவறாகச் சொல்லிவிட்டதாகவே தெரியவில்லை. அடுத்த நிமிடம் அவளிடமே, "முறுக்கு கீதா உங்கிட்ட?" என்று கேட்டார்.

அக்காவின் வீடு முத்தாபுதுப்பேட்டையில். ஷேர் ஆட்டோவில் ஆவடிக்கு வந்து எங்களோடு ரயில் ஏறுவார். மண்ணூர்பேட்டையில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியின் கெஸ்ட் ஹவுஸில் சமையல் வேலை. ஜப்பானிலிருந்து மாற்றி மாற்றி வரும் இன்ஜினீயர்கள் அங்கேதான் தங்குவார்கள். காலையில் ரொட்டியைத் தின்றுவிட்டு அவர்கள் வேலைக்குப் போய்விடுவார்கள். மதியமும் இரவும் அக்காவின் சாப்பாடு.

அந்தக் கெஸ்ட் ஹவுஸிலிருந்துதான் 'மாங்கா புக்கு' எங்கள் பெட்டிக்குள் வந்தது. "மாங்கா இல்லக்கா, மங்கா" என்று நான் திருத்திப் பார்த்தேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. செங்கல் தடிமனில் இருக்கும் வாரப் பத்திரிகை அது. அட்டை மட்டும்தான் பளபளப்பு. உள்ளே மளிகைக் கடையில் பொட்டலம் மடிக்கும் தாள் போலச் சொரசொரப்பாக, சில பக்கங்கள் ரோஸ் நிறத்தில், சில பக்கங்கள் வெளிர்பச்சையில். ஒரே புத்தகத்துக்குள் கிட்டத்தட்ட இருபது தொடர்கதைகள். எல்லாம் படக்கதை. எல்லாம் கடைசிப் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கும். "நம்ம புக்கு முடியிற எடத்துல அவுங்க புக்கு தொடங்குது" என்று அக்கா அதை எங்களுக்குத் திருப்பிப் பிடித்துக் காட்டினார்.

கொடுக்கிறவர் ஒரு வயதான இன்ஜினீயர். தடித்த கண்ணாடி போட்டிருப்பார் என்பதால் அக்கா அவரைக் 'கண்ணாடி சார்' என்பார். அவர் ஊரிலிருந்து மாதம் ஒருமுறை யாராவது வரும்போது நாலைந்து வாரத்துப் புத்தகங்கள் சேர்ந்து வரும். அவர் படித்து முடித்ததும் அக்காவுக்கு. தன் ஊரில் ரயிலில் படித்துவிட்டுச் சாமான் வைக்கும் தட்டிலேயே போட்டுவிட்டு இறங்குவார்களாம். அடுத்து ஏறுகிறவர் எடுத்துப் படிப்பாராம். கம்பெனி முதலாளி படிப்பதும் வாசலில் நிற்கும் காவலாளி படிப்பதும் ஒரே பத்திரிகைதானாம். புத்தகம் வரும் நாளில் அலுவலகத்தில் அதைத் தவிர வேறு பேச்சே இருக்காதாம். இப்போது பிள்ளைகள் எல்லாம் போனிலேயே படித்துவிடுகிறார்கள், என் வீட்டில் தாளில் படிக்கிறவன் நான் ஒருவன்தான் என்று பாதி ஆங்கிலத்திலும் பாதி கையசைவிலும் அவர் சொன்னதாக அக்கா எங்களிடம் சொன்னார்.

அக்காவுக்கு ஜப்பான் மொழி ஒரு எழுத்துகூடத் தெரியாது. போன் கேமராவைப் பக்கத்தின் மேல் காட்டினால் அது தமிழில் என்னவோ சொல்லும். அந்தத் தமிழ் ஒரு தனி பாஷை. 'உன் குழம்பு என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்' என்று வரும். 'என் இடுப்பு இன்று விடுமுறை' என்று வரும்.

"இடுப்பு லீவா?" என்று ரேவதி கேட்பாள்.

"இடுப்பு வலிக்குதுன்றாம்மா. மூஞ்ச பாரு, தெரியல?" என்று அக்கா படத்தைக் காட்டுவார். போன் பாதி சொல்லும், முகங்கள் மீதியைச் சொல்லும், இரண்டும் சொல்லாததை அக்கா சொல்லுவார்.

இருபது கதைகளில் எங்கள் பெட்டி ஒரு கதையின் மேல் உயிரையே வைத்திருந்தது. மீன்பிடி ஊர் ஒன்றில் ஒரு மாமியாரும் மருமகளும். மகன் இருவரையும் விட்டுவிட்டு எங்கோ போய்விட்டான். ஒருத்தியை ஒருத்திக்குக் கண்டாலே பிடிக்காது. வேறு வழியில்லாமல் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு நூடுல்ஸ் கடை போடுகிறார்கள். அவ்வளவுதான் கதை. ஆனால் திருமுல்லைவாயிலில் ஏறுகிற ஒரு அம்மா, உட்கார இடம் தேடாமல் "இன்னிக்கு கடை தொறந்தாங்களா?" என்று கேட்டுக்கொண்டேதான் ஏறுவார்.

ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு அஞ்சலட்டை இருந்தது. கண்ணாடி சார் அதை விளக்கியபோது அக்காவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டதாம். இந்த வாரம் எந்த மூன்று கதைகள் பிடித்தன என்று வாசகர்கள் எழுதிப் போட வேண்டும். நிறைய ஓட்டு வாங்குகிற கதை முன்பக்கத்துக்கு வரும். ஓட்டு குறைந்தால் வாரா வாரம் பின்னால் தள்ளிக்கொண்டே போகும். கடைசிக்குப் போனால் நிறுத்திவிடுவார்கள்.

"பாத்தியா! படிச்சா சொல்லணும்னு ஒரு நாடே வெச்சிகினு கீது" என்று அக்கா எங்களிடம் சொன்னபோது, தனக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிற ஊரைக் கண்டுபிடித்துவிட்டவர் போல இருந்தார்.

அந்த வாரமே கெஸ்ட் ஹவுஸ் சாப்பாட்டு மேஜையில் ஒரு பிஸ்கட் டப்பாவும் கொஞ்சம் துண்டுச் சீட்டும் வைத்துவிட்டார். இன்று பிடித்த மூன்று அயிட்டம் எவை என்று எழுதிப் போட வேண்டும். ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தது நான்தான். இன்ஜினீயர்கள் மரியாதைக்காரர்கள். 'எல்லாம் முதல் இடம்' என்றே எழுதினார்கள். அக்காவுக்கு வந்ததே கோபம்.

"தட்டுல பாதி மிச்சம் வெச்சிட்டு எல்லாம் ஃபர்ஸ்டாம். அப்போ நான் எத திருத்தறது?"

அதை அவர்களிடமே போய்ச் சொல்லியிருக்கிறார். இரண்டு நாள் கழித்துக் கண்ணாடி சார் ஒரு சீட்டுப் போட்டார்: வத்தக்குழம்பு சாப்பிட்டால் வயிற்றில் சண்டை நடக்கிறது, தயவுசெய்து மன்னிக்கவும். வத்தக்குழம்பு அக்காவின் பெருமை. அவர் கைப்பக்குவம் என்று முத்தாபுதுப்பேட்டையே கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வரும். அந்தச் சீட்டை ரயிலில் எங்கள் எல்லாருக்கும் காட்டினார். பரிசு வாங்கிவந்த பிள்ளையின் முகம் அவருக்கு.

"வத்தக்குயம்ப நிறுத்திட்டேன். ஓட்டு வியல, போயிடிச்சு" என்றார். சீட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டே, "நல்ல குயம்பு, பாவம்" என்றார்.

எங்கள் நூடுல்ஸ் கடையும் பின்னால் போக ஆரம்பித்தது அப்போதுதான். முதலில் பூனை டாக்டர் கதை அதைத் தாண்டியது. பிறகு வாலிபால் ஆடும் பையன்கள் தாண்டினார்கள். ஒவ்வொரு புதுப் புத்தகம் வரும்போதும் எங்கள் கதையைத் தேடி இன்னும் கொஞ்சம் அதிகப் பக்கங்கள் புரட்ட வேண்டியிருந்தது. கண்ணாடி சார் தன் அட்டையை அக்காவிடம் கொடுத்து, ஊருக்குப் போகிற ஒருவர் வெள்ளிக்கிழமை கிளம்புகிறார், எழுதிக் கொடுத்தால் அங்கே தபாலில் போட்டுவிடுவார் என்றார்.

பெட்டி முழுவதும் அக்காவைச் சுற்றி நின்றது. பேனா என் கையில்.

"மொத எடம் வாலிபால். ரெண்டாவது பூனை டாக்டரு. மூணாவது அந்த மல ஏர்ற பொண்ணு" என்றார் அக்கா.

"நம்ம கடை எங்கக்கா?" என்றேன்.

"நாலாவது. மூணு எடம்தான குடுத்துகிறாங்க, இன்னா பண்றது."

ரேவதிக்குப் பொறுக்கவில்லை. "இன்னாக்கா பேசற நீ? கடைய இயுத்து மூடப் போறாங்க. நம்மகிட்ட கீறது ஒரு ஓட்டு. அதையும் அந்த பந்து அடிக்கிற பசங்களுக்கு போட சொல்றியே, உனக்கு மனசே கெடையாதா?"

"இந்த வாட்டி கத நல்லா இல்லடி. மூணு வாரமா அந்த மாமியாக்காரி உக்காந்து அயுதுகினே கீது. நல்லா இல்லாதத நல்லா கீதுன்னு எயுதினா, அவுங்க அப்டியே அய வெச்சிகினே இருப்பாங்க."

"பொய் சொன்னா இன்னா, குடியா முயுகிடும்?"

"எனக்கு வராது."

"வராதுன்னு சொல்லாத. எம்பொண்ணு பாட்டுக்கும் வரல, இதுக்கும் வரல. யாருக்காகவும் ஒரு சொல்லு வுட்டுக் குடுக்க மாட்ட நீ."

அக்கா அட்டையின் கீழ்ப்பக்கத்தைத் தட்டிக் காட்டினார். என்னைப் பார்த்து, "கீய எடம் கீதே, அதுல எயுது" என்றார். கருத்து எழுதும் கட்டத்தில் நான் ஆங்கிலத்தில் எழுதினேன்: மாமியார் அழுதது போதும், எழுந்து அடுப்பைப் பற்ற வைக்கச் சொல்லுங்கள், நாங்கள் காத்திருக்கிறோம். கண்ணாடி சார் அதன் பக்கத்தில் ஜப்பான் மொழியில் எழுதி அனுப்பினார். மறுநாளிலிருந்து ரேவதி பெட்டியின் அந்தக் கோடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

இது நடந்து கொஞ்ச நாளில் அக்காவின் வேலைக்கே ஆபத்து வந்தது. கெஸ்ட் ஹவுஸ் சமையலை மொத்தமாக ஒரு கேட்டரிங்காரரிடம் விட்டுவிடலாம் என்று கம்பெனியில் பேச்சு. அவர் ஒருநாள் மாதிரிச் சாப்பாடு கொண்டுவருவதாக ஏற்பாடு. நிர்வாகம் பார்க்கும் மேனேஜருக்கு அக்காவை அனுப்ப மனமில்லை. முந்தின நாளே அக்காவைத் தனியே கூப்பிட்டு, "நீயும் சாப்ட்டு பாரும்மா. சரியில்லன்னு நீ ஒரு வார்த்தை சொல்லு போதும், அதையே எழுதி மேலே அனுப்பிடறேன்" என்றாராம்.

மாதிரிச் சாப்பாடு வரும் அன்று காலை ரயிலில் நாங்கள் எல்லாரும் அக்காவிடம் கெஞ்சாத குறை. "அக்கா, இது கதைப் புத்தகம் இல்ல, உங்க சோறு. கண்ண மூடிக்கிட்டுச் சொல்லிருங்க" என்றேன் நான். அக்கா தலையை ஆட்டினார். எதற்கு ஆட்டினார் என்று மறுநாள்தான் தெரிந்தது.

"சாப்ட்டேன். சாம்பாரு என்னுத வுட நல்லா கீதுன்னு சொன்னேன். ரசம் என்னுது அளவுக்கு இல்ல. மீனு வேஸ்ட்டு, மொளகாத்தூள வதக்கவே இல்லன்னு சொன்னேன்."

"மேனேஜர் என்ன சொன்னார்?"

"தலைல கை வெச்சிகினாரு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அம்பத்தூர் தாண்டியதும் சிரிப்பு நின்றுவிட்டது. முந்தானையின் நுனியைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்தார். அக்காவின் கணவர் முதுகில் ஆபரேஷன் ஆகி வீட்டில் இருந்தார் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். "பொய் சொல்லலாம்னு தான்மா போனேன். வாய்ல வெச்சா சாம்பாரு அவ்ளோ நல்லா கீது. எப்டிமா இல்லன்றது?" என்று என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார். கோடியிலிருந்து ரேவதி, "பைத்தியம், பைத்தியம்" என்று எல்லாருக்கும் கேட்கும்படி முணுமுணுத்தாள். ஆனால் எழுந்து வந்து தன் டிபன் டப்பாவிலிருந்து ஒரு முறுக்கை அக்கா மடியில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

சாப்பாடு கேட்டரிங்காரருக்குப் போனது. அக்கா ரயிலுக்கு வருவது நின்றது. திருமுல்லைவாயில் அம்மா ஏறும்போது பழக்கதோஷத்தில் "கடை தொறந்தாங்களா?" என்று ஆரம்பித்துவிட்டு, அக்கா உட்காருகிற இடத்தைப் பார்த்து நிறுத்திக்கொள்வார்.

ஒருநாள் காலை ஆவடி பிளாட்பாரத்தில் வடைக்காரரின் குரல் வழக்கத்தைவிட உரக்கக் கேட்டது. "ஊறவெச்சேங்க்கா! ராத்திரியே ஊறவெச்சேன்!" அக்கா திரும்பி வந்துவிட்டார் என்று பார்க்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது.

நடந்தது இதுதான். மாதிரிச் சாப்பாடு வந்த அன்று கேட்டரிங்காரர் சமையலறைக் கதவுக்குப் பின்னால்தான் நின்றிருக்கிறார். தன் வேலை போகும் என்று தெரிந்தும் ஒரு பெண் எதிராளியின் சாம்பாரைப் புகழ்ந்ததையும், அதே மூச்சில் மீனை வேஸ்ட் என்றதையும் கேட்டிருக்கிறார். ஒப்பந்தம் கைக்கு வந்து வேலைகள் ஒழுங்கானதும் முத்தாபுதுப்பேட்டைக்கே தேடிக்கொண்டு போய்விட்டார். எஸ்டேட்டுக்குள் இருக்கும் அவருடைய பெரிய சமையல்கூடத்தில் மீன் அக்காவின் பொறுப்பு. அதோடு, வண்டியில் ஏற்றுவதற்கு முன் எல்லாவற்றையும் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

"சம்பளம் குடுத்து சொல்ல சொல்றாருமா. இத்தினி நாளு சும்மாவே சொல்லிகினு இருந்தேன்!"

அங்கே இருந்த சமையல்காரர்கள் அக்கா கரண்டியை எடுத்தாலே வேறு பக்கம் பார்த்துக்கொள்வார்கள் என்று கேள்வி.

கண்ணாடி சாரும் விடவில்லை. கெஸ்ட் ஹவுஸுக்குச் சாப்பாடு கொண்டுபோகும் வண்டி காலிப் பாத்திரங்களோடு திரும்பும்போது, மங்கா புத்தகங்களும் அதில் வந்தன. ஒருநாள் சாம்பார் வாசனை அடிக்கும் புத்தகம் ஒன்றை அக்கா ரயிலில் பிரித்தார். மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து அடுப்பைப் பற்ற வைத்தாள். பெட்டியே கத்தியது. "உன் அட்டைய படிச்சிட்டாங்கக்கா!" படங்களைப் பல வாரங்களுக்கு முன்பே வரைந்து முடித்துவிடுவார்கள், அட்டைக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்க வாய்ப்பில்லை என்று கண்ணாடி சார் சொல்லி அனுப்பினார்.

"இருக்கட்டுமே. நான் சொன்னேன், அவுங்க பத்த வெச்சாங்க" என்றார் அக்கா.

அடுப்பு எரிந்தும் கடை பிழைக்கவில்லை. அடுத்த கட்டுப் புத்தகங்களில் எங்கள் கதை எல்லாவற்றுக்கும் பின்னால் இருந்தது. அதில் ஒன்றில் கண்ணாடி சார் ஒரு தாள் செருகியிருந்தார்: இதுதான் கடைசி.

அன்று நாங்கள் யாரும் உட்காரவில்லை. அக்காவை நடுவில் உட்காரவைத்துச் சுற்றி நின்றோம். ரேவதி மட்டும் சற்று எட்டி, பார்க்காதது போல நின்றாள். அண்ணனூர் வருவதற்குள் என் தோளுக்கு மேல் தலையை நீட்டியிருந்தாள்.

ஓடிப்போன மகன் கடைக்கு வருகிறான். மழை. மாமியாரும் மருமகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். மருமகள் ஒரு கிண்ணம் நூடுல்ஸை அவன் முன்னால் வைக்கிறாள். அவன் சாப்பிடுகிறான். பக்கம் பக்கமாகச் சாப்பிடுகிறான். ஒரு வார்த்தை இல்லை. போனுக்கு வேலையே இல்லை. அக்கா ஒவ்வொரு பக்கமாக மெதுவாகத் திருப்பினார். அவன் சாப்பிட்டு முடித்து, மற்ற ஆட்களைப் போலவே காசை வைத்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு போகிறான். யாரும் இரு என்று சொல்லவில்லை. இரண்டு பெண்களும் கிண்ணங்களைக் கழுவுகிறார்கள். நாளைக்கு யார் முதலில் எழுந்து அடுப்பு மூட்டுவது என்று சண்டை ஆரம்பிக்கிறது. கடைசிப் படத்தில் கடை வாசலில் ஒரு பலகை. அக்கா போனைக் காட்டினார். 'நாளையும் இருக்கிறோம்' என்று வந்தது. இந்த ஒரு தடவை போன் தப்பாகச் சொல்லவில்லை.

திருமுல்லைவாயில் அம்மா மூக்கை உறிஞ்சினார். "அவன ரெண்டு அறை வுட்டு அனுப்பியிருக்கணும்" என்றாள் ரேவதி. "இல்லடி, சோறு போட்டு அனுப்பினாங்களே, அதான் அறை" என்றது இன்னொரு குரல். அப்போதுதான் நான் வெளியே பார்த்தேன். கொரட்டூர்.

பட்டரவாக்கம் எப்போது வந்து எப்போது போனது என்று ஒருத்திக்கும் தெரியவில்லை. அலறிக்கொண்டு இறங்கினோம். ஏழெட்டுப் பேர், டிபன் பைகளோடு, தப்பான ஸ்டேஷனில். எல்லாருக்கும் கம்பெனியில் லேட். ஒருத்தி சிரிக்க ஆரம்பித்ததும் எல்லாரும் சிரித்தோம்.

எதிர்ப் பிளாட்பாரத்துக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் அக்கா புத்தகத்திலிருந்து அட்டையைக் கிழித்து எடுத்தார். "எயுது. மொத எடம், நூடுல்ஸ் கடை."

"முடிஞ்சு போன கதைக்கு எதுக்குக்கா ஓட்டு?" என்றேன். "இனி இதை எண்ணி யாருக்கு என்ன?"

"வரைஞ்சவங்க ஒருத்தர் இருப்பாங்க இல்ல? ஊட்ல உக்காந்துகினு, போச்சேன்னு இருப்பாங்க. அவுங்களுக்கு யாராச்சும் சொல்ல வேணாவா?"

ரேவதி அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கினாள். "நான் எயுதறேன். நீ சொல்லு. நெசமா ஃபர்ஸ்ட்டா, இல்ல மூடறாங்கன்னு பாவப்பட்டு சொல்றியா?"

"நெசமா ஃபர்ஸ்ட்டு. ஆனா அந்த மழ கொஞ்சம் ஜாஸ்தி. அதையும் எயுது."

"மழ இருந்தாதான்க்கா நல்லா கீது!"

"குடைய எடுத்துகினு போறதுக்கு அவ்ளோ மழ வேணாம்டி."

பட்டரவாக்கத்துக்குத் திரும்ப, ஆவடி பக்கம் போகிற வண்டி வந்து நின்றது. மழை வேண்டும் என்று நாலு பேர், வேண்டாம் என்று நாலு பேர். கருத்து எழுதும் கட்டம் இன்னும் காலியாகவே இருந்தது. அந்த வண்டியையும் விட்டுவிட்டோம்.